சில மெயில் மட்டும் 550 என்று திரும்புகிறது, எஃப்டிபியும் இழுக்கிறது: ஷேர்டு சர்வரில் ரிவர்ஸ் டிஎன்எஸ் எங்கே பழுது?

நடுமேசை எழுதியது:

வணக்கம். சிபேனல் (சர்வர் நிர்வாகப் பலகை) ஓடும் ஷேர்டு ஹோஸ்டிங் சர்வர் ஒன்று, பல வாடிக்கையாளர் தளங்கள் ஒரே சர்வரில். மெயிலுக்கு எக்ஸிம், வலைப்பக்கங்களுக்கு அப்பாச்சி 2.4, தரவுத்தளத்துக்கு மைஎஸ்கியூஎல், கோப்பு ஏற்றும் எஃப்டிபிக்கு ப்யூர்-எஃப்டிபிடி. சர்வரின் பெயர் சர்வர்7.எக்ஸாம்பிள்.காம், முதன்மை ஐபி 203.0.113.25. தனி ஐபி வாங்கிய மூன்று கணக்குகள் .26, .27, .28இல் இருக்கின்றன. ஐபிவி6 முகவரியும் உண்டு. (உண்மை எண்களை மறைத்து, எடுத்துக்காட்டுக்கென ஒதுக்கப்பட்ட தொகுதியிலிருந்து எழுதியிருக்கிறேன்.)

தெரியும் அறிகுறிகள் இவை. ஜிமெயிலுக்குப் போகும் மெயில்களில் ஒரு பகுதி மட்டும் 550-5.7.25 என்ற மறுப்புக் குறியோடு திரும்புகிறது, மற்றவை சிக்கலின்றிப் போகின்றன. எஃப்டிபியில் நுழைய 5 வினாடி ஆகிறது. வெளியிலிருந்து மைஎஸ்கியூஎல்லில் இணைய 10 வினாடி ஆகிறது, ஆனால் அதே ஐபியிலிருந்து மறுபடி இணைத்தால் நொடியில் வந்துவிடுகிறது. இரண்டு மூன்று தளங்களில் பக்கமும் மெதுவாகத் திறக்கிறது.

வாடிக்கையாளர் டொமைனின் ஸோன் எடிட்டரில் (டிஎன்எஸ் பதிவுகளைத் திருத்தும் இடம்) பிடிஆர் ரெக்கார்டு (ஐபிக்கு என்ன பெயர் என்று சொல்லும் ரிவர்ஸ் டிஎன்எஸ் பதிவு) சேர்த்து 24 மணி நேரம் ஆகிவிட்டது, மாற்றமில்லை. சர்வருக்குள்ளிருந்து கேட்டால் 203.0.113.25க்குப் பெயர் சரியாகவே வருகிறது. எங்கிருந்து தொடங்குவது?

திசைகாட்டி எழுதியது:

நண்பரே, இது ஒரு பழுது அல்ல, இரண்டு. முதலில் இவற்றைப் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றைச் சரிசெய்துவிட்டு மற்றது ஏன் போகவில்லை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

மெயில் திரும்புவது, உங்கள் ஐபிக்கு என்ன பெயர் என்று வெளியுலகம் கேட்கும்போது நடக்கிறது. எஃப்டிபி, மைஎஸ்கியூஎல், பக்கத் தாமதம் மூன்றும், வருகிறவரின் ஐபிக்கு என்ன பெயர் என்று உங்கள் சர்வர் கேட்கும்போது நடக்கின்றன. உங்கள் பிடிஆர் எவ்வளவு சரியாக இருந்தாலும் இரண்டாவது சிக்கல் தீராது. அங்கே கேட்கப்படுவது வேறொருவருடைய ஐபி.

ஸோன் எடிட்டரில் சேர்த்தது ஏன் வேலை செய்யவில்லை என்றால், அந்த ரெக்கார்டை யாரும் அங்கே வந்து தேடுவதே இல்லை. 203.0.113.26 என்ற ஐபியைப் பற்றிய கேள்வி எண்கள் தலைகீழாகத் திரும்பி

26.113.0.203.இன்-அட்ர்.ஆர்ப்பா

என்ற பெயராகப் போகிறது. அந்தப் பெயர் ஐபி தொகுதியை வைத்திருப்பவருடைய ஸோனில் (அவர் நிர்வகிக்கும் டிஎன்எஸ் பகுதியில்) இருக்கிறது. டொமைன் உங்களுடையது, ஐபி டேட்டா சென்டருடையது. பிடிஆர் எப்போதும் ஐபியின் பக்கம்தான். கண்ணால் பார்க்க வேண்டுமானால் டிக் என்ற டிஎன்எஸ் கேள்விக் கருவியை இப்படி ஓட்டுங்கள் (கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதுகிறேன்):

டிக் +ட்ரேஸ் -எக்ஸ் 203.0.113.26

வேரிலிருந்து படிப்படியாக இறங்கி, கடைசியில் எந்த நேம்சர்வர் பதில் சொல்கிறதோ அதன் உரிமையாளரிடம்தான் டிக்கெட் போட வேண்டும். ட்ரேஸ் இல்லாமல் டிக் -எக்ஸ் மட்டும் கேட்டு என்எக்ஸ்டொமைன் (அப்படியொரு பெயர் இல்லை) வந்தாலும், பதிலின் அத்தாரிட்டி பகுதியில் ஒரு எஸ்ஓஏ வரி (ஸோனின் தலைமைப் பதிவு) இருக்கும். அதன் முதல் பெயரைப் பாருங்கள், யாருடைய ஸோன் என்று புரிந்துவிடும்.

நான்கு ஐபி, ஒரு ஐபிவி6, ஐந்தையும் சர்வருக்கு வெளியிலிருந்து கேட்டுப் பதிலை இங்கே போடுங்கள். உள்ளிருந்து கேட்டது கணக்கில் சேராது, காரணம் பிறகு சொல்கிறேன்.

நடுமேசை எழுதியது:

வெளியிலிருந்து கேட்டேன். .25க்கு சர்வர்7.எக்ஸாம்பிள்.காம் வருகிறது. .26, .28 இரண்டும் என்எக்ஸ்டொமைன். .27க்கு ஐபி எண்ணையே உள்ளே வைத்த, "ஸ்டேட்டிக்" என்று சேர்ந்த நீளமான பெயர் வருகிறது, அந்தப் பெயரைத் திருப்பிக் கேட்டால் ஏ ரெக்கார்டு (பெயருக்கு என்ன ஐபி என்று சொல்லும் பதிவு) இல்லை. ஐபிவி6 என்எக்ஸ்டொமைன். எஸ்ஓஏவில் இருப்பது டேட்டா சென்டரின் நேம்சர்வர்.

அஞ்சல்தடம் எழுதியது:

அப்படியென்றால் "சில மெயில் மட்டும்" ஏன் என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. முதன்மை ஐபி வழியே போகும் மெயில் தப்பிக்கிறது. தனி ஐபிக் கணக்குகளின் மெயிலும், ஐபிவி6 வழியே போகும் மெயிலும் மாட்டிக்கொள்கின்றன.

550-5.7.25 சொல்வது இரண்டில் ஒன்றை: ஐபிக்குப் பிடிஆர் இல்லை, அல்லது பிடிஆர் காட்டும் பெயர் அதே ஐபிக்குத் திரும்பி வரவில்லை. .26, .28 முதல் வகை, .27 இரண்டாவது வகை. போகும் பாதையும் வரும் பாதையும் ஒன்றையொன்று தொட வேண்டும், பாதிச் சுற்றுக்கு மதிப்பில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதை எல்லா அனுப்புநர்களுக்கும் விதியாகவே வைத்திருக்கிறது.

மெயில் எந்த ஐபியிலிருந்து புறப்படுகிறது என்பதை ஊகிக்காதீர்கள். திரும்பி வந்த பவுன்ஸின் வாசகத்திலேயே சதுர அடைப்புக்குள் ஐபி இருக்கும். எக்ஸிம் லாகிலும் வேண்டுமென்றால் லாக்_செலக்டரில் +அவுட்கோயிங்_இன்டர்ஃபேஸ் சேர்த்துவிடுங்கள், ஒவ்வொரு டெலிவரி வரியிலும் "ஐ=" என்று புறப்பட்ட முகவரி பதிவாகும். சர்வர் தானாக எந்த ஐபியைத் தேர்ந்தெடுக்கும் என்று பார்க்க:

ஐபி ரூட் கெட் 8.8.8.8

இதில் எஸ்ஆர்சி என்பதற்குப் பக்கத்தில் இருப்பதுதான் மூல முகவரி. அங்கே 10. என்று தொடங்கும் தனியார் ஐபி வந்தால் சர்வர் என்ஏடிக்கு (உள் ஐபியை வெளி ஐபியாக மாற்றும் அமைப்புக்கு) பின்னால் இருக்கிறது, வெளியே தெரியும் ஐபியை பவுன்ஸிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது. டேட்டா சென்டரிடம் கேட்கும் முன்பே ஒவ்வொரு ஐபிக்கும் ஒரு பெயர் வைத்து ஏ ரெக்கார்டு போட்டுவிடுங்கள்: .26க்கு அவுட்26.எக்ஸாம்பிள்.காம், .27க்கு அவுட்27, .28க்கு அவுட்28. பல இடங்களில் ஏ ரெக்கார்டு முதலில் இருந்தால்தான் பிடிஆர் வைக்கவே அனுமதிப்பார்கள். பிறகு டிக்கெட்டில் ஐபி, பெயர் இரண்டையும் ஒரே வரியில் எழுதிக் கொடுங்கள். கடைசியில் எக்ஸிம் ஹீலோவில் (இணைப்பின் தொடக்கத்தில் தன் பெயரைச் சொல்லும் வரியில்) சொல்லும் பெயரையும் அதோடு இணையுங்கள். சிபேனலில் /இடிசி/மெயில்ஐபிஸ் கோப்பு எந்த டொமைன் எந்த ஐபியில் புறப்படும் என்பதையும், /இடிசி/மெயில்ஹீலோ எந்தப் பெயரைச் சொல்லும் என்பதையும் தீர்மானிக்கின்றன. ஒன்றை மாற்றி மற்றதை விட்டுவிட்டால் .26இலிருந்து புறப்பட்டு "நான் சர்வர்7" என்று சொல்லும். ஹீலோ பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மெயிலை மறுக்கக்கூடாது என்று மெயில் நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 5321 சொல்கிறது. ஆனாலும் ஸ்பேம் வடிகட்டிகள் இதற்கு மதிப்பெண் குறைக்கின்றன.

ஐபிவி6க்கு இரண்டே வழி. பிடிஆர் கிடைக்குமென்றால் வையுங்கள், கூடவே பெயருக்கு ஏஏஏஏ ரெக்கார்டும் (ஐபிவி6க்கான ஏ ரெக்கார்டு). டேட்டா சென்டரில் அந்த வசதி இல்லையென்றால் மெயிலை ஐபிவி4இல் மட்டும் அனுப்புங்கள். எக்ஸிமில் டிசேபிள்_ஐபிவி6 = ட்ரூ. போஸ்ட்ஃபிக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இனெட்_ப்ரோட்டோகால்ஸ் = ஐபிவி4. பிடிஆர் இல்லாத ஐபிவி6இல் மெயில் விடுவதுதான் எல்லாவற்றிலும் மிக மோசமானது.

கூரைவிளக்கு எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. ஒரே ஐபியில் 180 டொமைன் இருந்தால், 180 பிடிஆர் வைத்துவிடலாமே? எந்த டொமைனிலிருந்து மெயில் போனாலும் பெயர் பொருந்திவிடும் அல்லவா?

அஞ்சல்தடம் எழுதியது:

வேண்டவே வேண்டாம் ஐயா. விதிப்படி அது தவறில்லை. ஒரு ஐபிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிடிஆர் இருக்கலாம் என்று 1997இல் வந்த ஆர்எஃப்சி 2181 தெளிவாகவே சொல்கிறது. நடைமுறையில் இரண்டு வகையில் உடைகிறது.

ஒன்று, வரிசை. பதிலில் வரும் பெயர்கள் ஒவ்வொரு முறையும் வேறு வரிசையில் வரலாம். பெறும் சர்வர்கள் பலவும் முதலில் வந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து, ஹோஸ்டிங்கை விட்டுப்போன ஒரு பழைய டொமைன் முதலில் வந்தால் அதன் ஏ ரெக்கார்டு வேறு ஐபியைக் காட்டும், சுற்று உடையும். பத்து மெயிலில் ஒன்று திரும்பும், காரணம் எந்த லாகிலும் நேராகத் தெரியாது.

இரண்டு, அளவு. 180 பெயர் கொண்ட பதில், டிஎன்எஸ் வழக்கமாகப் போகும் யுடிபி வழியின் பழைய 512 பைட் எல்லையை எங்கோ தாண்டிவிடும், நீட்டிக்கப்பட்ட எல்லையையும் தாண்டும். அப்போது டிசிபியில் மறுபடி கேட்க வேண்டும். 53ஆம் போர்ட்டில் யுடிபியை மட்டும் திறந்து டிசிபியை அடைத்துவைத்த ஃபயர்வால் நடுவில் இருந்தால் பதிலே கிடைக்காது.

அனுப்புநரின் டொமைனும் பிடிஆர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டிய தேவையே கிடையாது. டொமைனுக்குப் பொறுப்பு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற அனுப்புநர் சரிபார்ப்பு முறைகள் மூன்றும். பிடிஆருக்குப் பொறுப்பு சர்வர் மட்டும். ஒரு ஐபி, ஒரு பெயர், அந்தப் பெயர் சர்வருடையது. எஸ்பிஎஃப் ரெக்கார்டில் "பிடிஆர்" என்ற சொல்லைப் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், 2014இன் ஆர்எஃப்சி 7208 அதைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது.

வேர்_ஸோன் எழுதியது:

ரிவர்ஸ் ஸோனைத் தாங்களே நடத்துபவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன், இங்கே தவறு நடக்கும் இடம் ஒரு புள்ளி. உண்மையாகவே ஒரு புள்ளி. பைண்ட் (டிஎன்எஸ் சர்வர் மென்பொருள்) ஸோன் கோப்பில்

26 ஐஎன் பிடிஆர் அவுட்26.எக்ஸாம்பிள்.காம்

என்று முடித்தால், வெளியே தெரிவது

அவுட்26.எக்ஸாம்பிள்.காம்.113.0.203.இன்-அட்ர்.ஆர்ப்பா

என்ற பெயர். கடைசியில் புள்ளி இல்லாத பெயர் எதுவானாலும் ஸோனின் பெயர் அதன் வாலில் ஒட்டிக்கொள்ளும். காம் என்பதற்குப் பிறகு ஒரு புள்ளி வையுங்கள், சீரியல் எண்ணைக் கூட்டுங்கள், பிறகு ரீலோட். சீரியலைக் கூட்ட மறந்தால் முதன்மை சர்வர் புதுப் பதிலும் இரண்டாம் சர்வர் பழைய பதிலும் தரும், கேட்பவருக்கு மாறி மாறி வரும்.

256க்குக் குறைவான ஐபி வைத்திருப்பவர்களுக்கு வேறு தொல்லை. ரிவர்ஸ் ஸோன் பிரிவது எண்களுக்கு இடையிலுள்ள புள்ளிகளில் மட்டும்தான், ஆகவே 64 ஐபியை நேரடியாக ஒப்படைக்க முடியாது. 1998இன் ஆர்எஃப்சி 2317 சொல்லும் வழியில், மேலே இருப்பவர் ஒவ்வொரு ஐபிக்கும் ஒரு சிநேம் (வேறொரு பெயருக்குத் திருப்பும் பதிவு) வைத்து உங்கள் நேம்சர்வருக்குத் திருப்பிவிடுவார். அவர் திருப்பிய ஸோன் பெயரும் நீங்கள் உருவாக்கிய ஸோன் பெயரும் ஓர் எழுத்துகூட மாறக்கூடாது. சிலர் சாய்கோடு போட்டு 0/26 என்பார்கள், சிலர் 0-26 என்பார்கள், சிலர் 0-63 என்பார்கள். ஊகிக்காமல் டிக் காட்டும் சிநேம் வரியை அப்படியே நகலெடுத்து ஸோனுக்குப் பெயர் வையுங்கள். பெயர் பொருந்தாவிட்டால் உங்கள் நேம்சர்வர் ரெஃப்யூஸ்ட் (மறுப்பு) சொல்லும், கேட்டவருக்கு சர்வ்ஃபெயில் (பதில் பெற முடியவில்லை) என்று போய்ச் சேரும். என்எக்ஸ்டொமைன் வந்தால் ரெக்கார்டு இல்லை, சர்வ்ஃபெயில் வந்தால் பெரும்பாலும் ஒப்படைப்பில் பழுது. இந்த ஒரு வேறுபாட்டைப் பார்த்தாலே பாதி நேரம் மிச்சம்.

ஐபிவி6இல் முகவரியை 32 பதினாறடிமான (ஹெக்ஸ்) இலக்கங்களாகப் பிரித்துத் தலைகீழாக எழுத வேண்டும், இரட்டை முக்காற்புள்ளிக்குள் மறைந்த பூஜ்யங்களும் சேர்த்து. கையால் எழுதாதீர்கள். டிக் -எக்ஸ் என்று கேட்டால் கேள்விப் பகுதியில் அதுவே விரித்து எழுதித் தரும், அதை நகலெடுங்கள்.

காலக்கெடு எழுதியது:

தாமதத்தின் பக்கம் யாரும் இன்னும் வரவில்லை. நடுமேசை, நீங்கள் கொடுத்த எண்களே விடையைச் சொல்கின்றன. 5 வினாடி, 10 வினாடி.

லினக்ஸின் ஜிலிப்சி நூலகத்திலுள்ள ரிசால்வர் (டிஎன்எஸ்ஸில் தேடித் தரும் பகுதி) ஒரு நேம்சர்வரிடம் கேட்டு 5 வினாடி காத்திருந்து, பதில் வராவிட்டால் அடுத்ததிடம் போகும். அதுதான் அதன் இயல்பு மதிப்பு. ஆகவே உங்கள் /இடிசி/ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் முதல் வரியில் இருக்கும் நேம்சர்வர் செத்துக் கிடக்கிறது, இரண்டாவது உயிரோடு இருக்கிறது. எஃப்டிபி ஒரு முறை கேட்கிறது, 5 வினாடி. மைஎஸ்கியூஎல் ஐபிக்குப் பெயர் கேட்டு, அந்தப் பெயருக்கு மறுபடி ஐபி கேட்டு ஒத்துப்பார்க்கிறது, இரண்டு 5 வினாடி. இரண்டாம் முறை நொடியில் வருவதற்குக் காரணம் மைஎஸ்கியூஎல்லின் ஹோஸ்ட் கேஷ் (முன்பு கிடைத்த விடையைச் சேமித்து வைக்கும் இடம்).

உறுதிசெய்ய, நெட்வொர்க் போக்குவரத்தைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஒரு விண்டோவில்

டிசிபிடம்ப் -என்ஐ எனி போர்ட் 53

என்று ஓடவிட்டு, இன்னொரு பக்கம் எஃப்டிபியில் நுழையுங்கள். -என் கட்டாயம். அது இல்லையென்றால் டிசிபிடம்ப்பே ஐபிகளுக்குப் பெயர் தேடிக் கிளம்பி, நீங்கள் பார்க்க வந்த காட்சியைக் கலைத்துவிடும். ஒரு பிடிஆர் கேள்வி முதல் நேம்சர்வருக்குப் போய், சரியாக 5 வினாடி அமைதி, பிறகு அதே கேள்வி இரண்டாவதுக்கு. அந்த இடைவெளியைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

தீர்வு, செத்ததை எடுத்துவிட்டு, சர்வரிலேயே அன்பவுண்ட் போன்ற கேஷிங் ரிசால்வர் ஒன்றை வைத்து 127.0.0.1ஐ முதல் வரியில் போடுவது. பொது ரிசால்வரை மட்டும் நம்பி மெயில் சர்வரை ஓட்டாதீர்கள். ஸ்பாம்ஹவுஸ் போன்ற தடுப்புப் பட்டியல்கள் பொது ரிசால்வர் வழியே வரும் கேள்விக்கு உண்மைப் பதில் தராமல் 127.255.255.254 என்ற பிழைக் குறியைத் தரும். அதையும் "பட்டியலில் இருக்கிறது" என்று எடுத்துக்கொள்ளும் அமைப்பு என்றால் நல்ல மெயிலெல்லாம் தடுக்கப்படும்.

அடுத்து, தேவையில்லாத கேள்விகளையே நிறுத்துங்கள். ப்யூர்-எஃப்டிபிடியில் டோன்ட்ரிசால்வ் எஸ். ப்ரோஎஃப்டிபிடியில் யூஸ்ரிவர்ஸ்டிஎன்எஸ் ஆஃப். எஸ்எஸ்எச்சில் யூஸ்டிஎன்எஸ் 2015இன் ஓபன்எஸ்எஸ்எச் 6.8 முதலே இயல்பாக நோ, பழைய கான்ஃபிக் கோப்பு எஸ் என்று வைத்திருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

மைஎஸ்கியூஎல்லில் ஸ்கிப்_நேம்_ரிசால்வ் வைக்கலாம், ஆனால் ஷேர்டு சர்வரில் கண்ணை மூடிக்கொண்டு வைக்காதீர்கள். வாடிக்கையாளர்கள் ரிமோட் அனுமதியை ஹோஸ்ட்நேம் கொடுத்து வாங்கியிருந்தால் அவை அத்தனையும் அந்த நொடியே 1130 பிழையில் நிற்கும். லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரில் அனுமதி வைத்துக்கொண்டு 127.0.0.1க்கு டிசிபியில் இணையும் நிரல்களும் நிற்கலாம். முதலில் மைஎஸ்கியூஎல்.யூசர் அட்டவணையில் ஹோஸ்ட் நெடுவரிசையைப் படித்து, பெயர் இருக்கும் இடங்களை ஐபியாக மாற்றிவிட்டுப் பிறகு வையுங்கள்.

திசைகாட்டி எழுதியது:

பக்கத் தாமதத்துக்கு அப்பாச்சியின் ஆக்சஸ் லாகைத் திறங்கள். ஹோஸ்ட்நேம்லுக்அப்ஸ் ஆஃப்தான் இயல்பு, ஆகவே வரியின் முதலில் ஐபி எண் மட்டுமே இருக்க வேண்டும். சில தளங்களின் லாகில் மட்டும் ஐபிக்குப் பதிலாகப் பெயர் தெரிந்தால், அந்தத் தளத்தின் எச்டிஆக்சஸ் என்ற அமைப்புக் கோப்பில் "ரிக்வயர் ஹோஸ்ட்" அல்லது பழைய பாணியில் "டினை ஃப்ரம்" என்று ஒரு டொமைன் பெயர் இருக்கிறது என்று அர்த்தம். அந்த வரி இருந்தால் ஹோஸ்ட்நேம்லுக்அப்ஸ் எப்படி இருந்தாலும் அப்பாச்சி இரட்டைத் தேடல் செய்தே தீரும். உங்கள் செத்த நேம்சர்வரோடு சேர்ந்தால் அதுவே 10 வினாடி.

தடுக்க வேண்டியதை ஐபியாக எழுதச் சொல்லுங்கள். மாறும் ஐபியிலிருந்து வரும் ஒருவரை மட்டும் அனுமதிக்க வேண்டுமென்றால் "ரிக்வயர் ஃபார்வர்ட்-டிஎன்எஸ்" உண்டு, அப்பாச்சி 2.4.19 முதல். அது பெயரிலிருந்து ஐபியை மட்டும் தேடும், பிடிஆர் பக்கமே போகாது.

எச்டிஆக்சஸ் சுத்தமாக இருந்தால் பிஎச்பி நிரலில் கெட்ஹோஸ்ட்பைஅட்ர் என்று தேடுங்கள். வருவது கூகுளின் தேடல் ரோபோவான கூகுள்பாட்தானா என்று சோதிக்கும் பாதுகாப்புப் பிளகின்களில் இது இருக்கும். சோதனை முறை சரியானதுதான், ஐபியிலிருந்து பெயர், பெயரிலிருந்து ஐபி. ஆனால் "நான் கூகுள்பாட்" என்று சொல்லி வருபவரிடம் மட்டும் கேட்க வேண்டும், விடையைக் கேஷில் வைக்க வேண்டும். வருகிற ஒவ்வொருவருக்கும் கேட்டால் பக்கம் இழுக்கும். அந்த ஃபங்ஷனுக்குக் காலக்கெடு கொடுக்க வழியில்லை. தோற்றால் ஃபால்ஸ் தராது, கொடுத்த ஐபியையே திருப்பித் தரும். அதை அறியாமல் எழுதிய நிரல் ஐபியையே பெயர் என்று நம்பி மேலே போகும்.

நடுமேசை எழுதியது:

ரிசால்வ்.கான்ஃபில் முதல் நேம்சர்வர் பதில் தரவில்லை, எடுத்துவிட்டேன். எஃப்டிபி உடனே நுழைகிறது. இரண்டு தளங்களின் எச்டிஆக்சஸில் டினை ஃப்ரம் பெயரோடு இருந்தது, மாற்றியாகிவிட்டது. டேட்டா சென்டரும் .26 முதல் .28 வரை பிடிஆர் வைத்துவிட்டார்கள். ஐபிவி6 இப்போதைக்கு மெயிலில் நிறுத்தம்.

.26, .27 இரண்டும் ஜிமெயிலில் சேர்கின்றன. .28 மட்டும் இன்னும் 5.7.25. சர்வருக்குள் கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் அவுட்28.எக்ஸாம்பிள்.காம் என்றால் 203.0.113.28 என்றே வருகிறது.

திசைகாட்டி எழுதியது:

உள்ளிருந்து கேட்டதை நம்ப வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். கெட்என்ட் முதலில் /இடிசி/ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்கும், அதில் இருந்தால் டிஎன்எஸ் பக்கமே போகாது. டிக் அந்தக் கோப்பைப் பார்க்கவே பார்க்காது. வெளியிலிருந்து டிக் அவுட்28.எக்ஸாம்பிள்.காம் என்று கேளுங்கள். 203.0.113.28 வராமல் வேறு ஏதோ ஐபி வந்தால், அந்தப் பெயரை சிடிஎன்னின் (தளத்தைத் தன் இடைநிலை சர்வர்கள் வழியே தரும் சேவையின்) ப்ராக்ஸி வழியே விட்டிருக்கிறீர்கள். மெயில் புறப்படும் பெயருக்கு ப்ராக்ஸி கூடாது.

நடுமேசை எழுதியது:

அதேதான். வெளியே சிடிஎன்னின் ஐபி வருகிறது. ப்ராக்ஸியை அணைத்துவிட்டேன், ஆனால் என் பக்கத்து ரிசால்வர் இன்னும் பழையதையே சொல்கிறது.

வேர்_ஸோன் எழுதியது:

பழைய பதிலின் டிடிஎல் (கேஷில் வைத்திருக்கும் கால அளவு) தீரும் வரை அப்படித்தான் சொல்லும். டிக் பதிலில் பெயருக்கு அடுத்த எண்ணைப் பாருங்கள், ஒவ்வொரு முறை கேட்கும்போதும் குறைந்துகொண்டே வரும், மீதமுள்ள வினாடி அது. காத்திருக்காமல் சோதிக்க, கேஷைத் தாண்டி அந்த டொமைனின் நேம்சர்வரிடமே கேளுங்கள்:

டிக் @என்எஸ்1.எக்ஸாம்பிள்.காம் அவுட்28.எக்ஸாம்பிள்.காம் +ஷார்ட்

அங்கே 203.0.113.28 வந்துவிட்டால் உங்கள் வேலை முடிந்தது. முன்பு என்எக்ஸ்டொமைன் வாங்கியவர்களும் அந்த "இல்லை" என்ற பதிலைக் கேஷில் வைத்திருப்பார்கள். அதன் ஆயுள் ரிவர்ஸ் ஸோனின் எஸ்ஓஏ டிடிஎல், எஸ்ஓஏவின் கடைசி எண், இரண்டில் சிறியது. அது 3600 என்றால் பிடிஆர் வைத்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் கியூவில் நிற்கும் மெயிலைத் தள்ளிவிட வேண்டும். 550இல் திரும்பிப் போனவை கியூவில் இருக்காது, அவற்றை அனுப்பியவர் மறுபடி அனுப்ப வேண்டும்.